பதினொரு பல்லும் ஒரு காலும்

கொதிக்கிற எண்ணெய் என் வலது காலில் விழுந்தபோது நான் கத்தவில்லை. பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்த என் மருமகள் ஜெயந்திதான் கத்தினாள்.

"ஐயோ அத்தை, கால்! கால்ல பாருங்க!"

குனிந்து பார்த்தேன். விரல்களுக்கு மேலே தோல் வெள்ளையாகப் பொங்கியிருந்தது.

"இதுக்கா இந்தக் கூப்பாடு? நாப்பது வருஷமா அடுப்புகிட்ட நிக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு சூடா?" என்று சொல்லிவிட்டு, வாணலியில் கிடந்த முறுக்கையெல்லாம் அரித்து எடுத்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வலிக்காததை என் தைரியம் என்று நினைத்துவிட்டேன். சர்க்கரை காலின் நரம்பைத் தின்றுவிட்டால் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது என்று பிறகுதான் சொன்னார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். சர்க்கரை உள்ள ஒருவராவது இதைப் படித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்று வாயைத் திறந்து பார்த்தால் எனக்குப் போதும்.

நான் பிறந்தது மணப்பாறை. வாக்கப்பட்டது ஸ்ரீரங்கம். அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு, வாசலிலேயே முறுக்குக் கடை. மணப்பாறை முறுக்கை ஒரு தடவை பொரித்தால் போதாது. அரை வேக்காட்டில் எடுத்து, ஆறவிட்டு, மறுபடி எண்ணெயில் போட வேண்டும். ஒரே தடவையில் பொரித்தெடுக்கிற ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு முறுக்கை எடுத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பேன். முதல் சத்தம் மேல்தோலுக்கு, அடுத்த சத்தம் உள்ளே வெந்ததற்கு. இரண்டாவது சத்தம் மொத்தையாகக் கேட்டால் அந்த ஈடு திரும்பவும் எண்ணெய்க்குப் போகும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

எழுபத்தொரு வயதில் எனக்கு எல்லாமே சொந்தப் பல். கடைக்கு வருகிறவர்கள், "ஆயா, பல்லு செட்டா?" என்று கேட்டால், "பிடிச்சு இழுத்துப் பாரேன்" என்பேன்.

யாருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. பல் தேய்த்தால் எச்சிலில் ரத்தம் வரும். பல வருஷமாக வந்தது. ஈறு வீங்கும், வடியும், மறுபடி வீங்கும். கல்லுப்பு வைத்துத் தேய்ப்பேன். வாய் நாற்றம் தெரியாமலிருக்க முந்தானையில் கிராம்பு முடிந்து வைத்திருந்து, ஆள் வரும்போது ஒன்றை வாயில் போட்டுக்கொள்வேன். முறுக்கைக் கடித்துப் பார்க்கிறவளுக்கு வாய் அழுகிப்போச்சு என்று தெரிந்தால் யார் வாங்கித் தின்பார்கள்?

சர்க்கரை ஒன்பது வருஷமாக இருந்தது. அதிலும் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். ரத்தம் கொடுக்கப் போவதற்கு மூன்று நாள் முன்னாலிருந்து சோற்றை நிறுத்திவிடுவேன். கீரை, மோர் மட்டும். காலையிலும் மாலையிலும் தெருவை நாலு சுற்று சுற்றுவேன். ரிசல்ட் நன்றாக வரும். "பாத்தியா?" என்று சீட்டை ஜெயந்தி கையில் கொடுப்பேன். பரீட்சையில் பாஸானதுபோல அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகப் போகும்.

என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரைதான். பொன்மலையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ரயில்வே பட்டறையில் ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் சைக்கிளுக்கெல்லாம் பஞ்சர் ஒட்டியவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் குதிகாலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்ததைத் துணியில் சுற்றி என் மகன் செல்வத்திடம் கொடுத்துவிட்டார்கள். அவன் ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு ஓயாமரி சுடுகாட்டுக்குப் போய்ப் புதைத்துவிட்டு வந்தான். கால் முன்னால் போயிற்று. எட்டு மாதம் கழித்து ஆளும் அதே இடத்துக்குப் போனார்.

அவர் வாயும் முன்னாலிருந்தே நாறும், அந்த எட்டு மாதத்தில் அதிகமாயிற்று. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன். அவருக்குத் தனி டம்ளர் வைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பேசும்போது துண்டால் வாயை மறைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். கடைசியில் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

என் காலில் எண்ணெய் விழுந்து எட்டாம் நாள் காய்ச்சல் அடித்தது. ஜெயந்தி காலில் போட்டிருந்த துணிக்கட்டைப் பிரித்தாள், பிரித்தவள் எழுந்து வெளியே போய்ச் செல்வத்தைக் கூப்பிட்டாள். இரண்டு விரல் கறுத்திருந்தது. அன்றைக்கே தென்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஆபரேஷன் டாக்டர் வந்து காலைத் திருப்பிப் பார்த்தார். கையால் தொட்ட இடத்தையெல்லாம், "தெரியுதாம்மா? இங்க தெரியுதா?" என்று கேட்டார். எதுவும் தெரியவில்லை. பிறகு செல்வத்தைப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டு விரலும் போயிடுச்சுங்க. மேல ஏறாம பாத்துக்கணும். ஏறிச்சுன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியிருக்கும்."

செல்வம் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை. இதே வாக்கியத்தை நாங்கள் இரண்டு பேரும் ஒரு தடவை கேட்டிருக்கிறோம்.

என் தந்திரமும் அன்றைக்கே வெளியாயிற்று. மூன்று மாதச் சர்க்கரை என்று ஒரு சோதனை இருக்கிறது. ரத்தத்தில் ஓடுகிற சிவப்பு அணுக்கள்மேல் சர்க்கரை ஒட்டிக்கொள்ளுமாம். அந்த அணு சாகிற வரைக்கும் அது போகாதாம். அதனால் மூன்று நாள் பட்டினி கிடந்தாலும் போன மூன்று மாதக் கதையை அது சொல்லிவிடும். சர்க்கரை டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். சீட்டைப் பார்த்துவிட்டு, "யாரைம்மா ஏமாத்துனீங்க?" என்று கேட்டார். அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். அதுதான் அதிகமாகச் சுட்டது.

காலில் சீழை எடுத்துக் கழுவினார்கள். ஊசி வழியாக மருந்து, வேளைக்கு இன்சுலின், அளந்த சாப்பாடு. நாலு நாள் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஆபரேஷன் டாக்டர் சொன்னார். நான் எண்ணத் தொடங்கினேன்.

ஆஸ்பத்திரியில் ராத்திரி கஷ்டம் என்பார்கள். எனக்கு மத்தியானம்தான். சாப்பாட்டுத் தட்டை எடுத்துப்போன பிறகு வார்டே அடங்கிவிடும். ஏசி குளிருக்குப் போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொள்வேன். இரண்டாம் நாள் மத்தியானம் அப்படி இழுத்தபோது என் வீட்டுக்காரரின் வாடை வந்தது. கடைசி எட்டு மாதத்து வாடை. சந்தேகமே இல்லை. போர்வையை விலக்கினேன், இல்லை. மறுபடி மூடினேன், இருந்தது. கட்டிலில் பக்கத்தில் படுத்து என் முகத்துக்கு நேரே மூச்சு விடுகிற மாதிரி.

நான் அலறவில்லை. வந்துவிட்டார், என் கால் முன்னால் போகப் போகிறது, அதற்குத்தான் துணைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பக் கூடாது என்று அப்படியே படுத்திருந்தேன். மூன்று நாள், தினமும் மத்தியானம், அவரோடு போர்வைக்குள் இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நாலாம் நாள் சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்கவில்லை. இன்சுலினைக் கூட்டினார்கள், இறங்கவில்லை. காலில் சீழ் குறைந்திருந்தது, ஆனால் புண் வெளிறிப்போய்க் கிடந்தது, காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. உடம்புக்குள் எங்கேயாவது வீக்கம் இருந்தால் காட்டுகிற ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, சி.ஆர்.பி. என்பார்கள். அது பாதி இறங்கி, அப்புறம் நின்றுவிட்டது. ஆபரேஷன் டாக்டர் வந்து, "இன்னும் ரெண்டு நாள் தரேன். அதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது" என்றார்.

நர்ஸ் மேரி ஜெயந்தியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். தனியாக என்றால் என் கட்டிலிலிருந்து நாலடி.

"வீட்லேந்து ஏதாவது கொண்டாந்து குடுக்குறீங்களா? உண்மையச் சொல்லுங்க. முறுக்குக் கடைங்குறாங்க."

"ஐயோ சிஸ்டர், நான் குடுக்கலைங்க." பிறகு ஜெயந்தி மெதுவாக என் பக்கம் வந்தாள். "அத்தை, எதாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா? கோவிச்சுக்காதீங்க."

"நான் திருடித் திங்கிறவளா? வித்தவடி நான், தின்னவ இல்ல! தேடிப் பாத்துக்கோ!"

தேடத்தான் செய்தார்கள். தலையணைக்கு அடியில், பையில், துண்டு மடிப்பில். எதிர்க் கட்டில்காரம்மா எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். எழுபத்தொரு வருஷத்தில் அப்படி ஒரு அவமானம் எனக்கு நடந்ததில்லை. கடைசியில் மேரி, மாற்றிப் போட்டிருந்த என் புடவை முந்தானையைப் பிரித்தாள். கிராம்பு உதிர்ந்தது.

"இது எதுக்கு?"

"வாய்க்கு."

"வாய்க்கு என்ன?"

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மேரி போய்ச் சர்க்கரை டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"வாயைத் திறங்கம்மா."

"என் பல்லுக்கு என்ன? எல்லாம் சொந்தப் பல்லு."

"சொந்தப் பல்லுதான். அதைத்தான் பாக்கப் போறேன்."

"ஒண்ணுகூட விழல. முறுக்கு கடிப்பேன்."

"பாட்டி," என்றார் டாக்டர், "உங்க காலுக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. திறங்க."

திறந்தேன். உறை போட்ட விரலால் கீழ்க் கடைவாய் ஈறை அழுத்தினார். பஞ்சில் மஞ்சளும் ரத்தமுமாக வந்தது. பஞ்சு என் மூக்கைத் தாண்டிப் போனபோது அந்த வாடை வந்தது. பகல் வெளிச்சத்தில், நாலு பேர் நிற்கும்போது, அவரே வந்த மாதிரி.

போர்வைக்குள் யாரும் வரவில்லை. மூன்று நாளும் நான் என் வாயைத்தான் முகர்ந்துகொண்டு கிடந்திருக்கிறேன்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகும். உள்ளே வந்த கிருமியோடு உடம்பு சண்டை போடுகிறது. சண்டை முடிந்தால் வீக்கம் வற்றிவிடும். அழற்சி என்று இதற்குப் பெயர். ஆனால் ஈறில் என் மாதிரி வருஷக்கணக்காகக் கிருமி குடியிருந்தால் சண்டை முடியவே முடியாது. பெரிய காய்ச்சல் வராது, பெரிய வலி வராது, சின்னதாக நடந்துகொண்டே இருக்கும். அந்தச் சண்டையில் சுரக்கிற சரக்கு ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகும். போகிற இடத்திலெல்லாம் இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் செய்துவிடும். இன்சுலின் சொல்லைக் கேட்டால்தான் சர்க்கரை ரத்தத்திலிருந்து இறங்கும். வயிற்றில் சேர்கிற கொழுப்பும் இதே மாதிரி வேலை செய்யுமாம். என் வயிற்றையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். அதோடு போகவில்லை. சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை இன்னும் ஏறும்.

"சிம்ல வச்ச எண்ணெய் மாதிரி," என்றேன்.

"என்னம்மா?"

"வாணலியில முறுக்கே போடாம சின்னத் தீயில எண்ணெயக் காலையிலேந்து வச்சிருந்தா, பொங்காது, புகையாது, பாக்க ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் அதுல எதப் போட்டாலும் கெட்டுப்போகும்."

டாக்டர் சிரித்தார். "அதேதான். ஆனா ஒண்ணு. ஈறு மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். கால் புண்ணும் காரணம், உங்க மூணு நாள் கீரையும் காரணம். பல்லை எடுத்தா சர்க்கரை வியாதியே போயிடும்னும் நினைக்காதீங்க. இந்தத் தீயை அணைச்சா காலைக் காப்பாத்த ஒரு வழி கிடைக்கும். அவ்வளவுதான்."

கீழ்த்தளத்துப் பல் டாக்டர் பதினொரு பல்லை எடுக்க வேண்டும் என்றார். கடைவாய்ப் பல் ஒன்றுகூட மிஞ்சாது. மீதி ஈறைச் சுத்தம் செய்துவிடலாம்.

நான் முடியாது என்றேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். செல்வம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, பல்லு போனா பல்லு. அப்பா காலை எப்படித் தூக்கிக்கிட்டுப் போனேன்னு உனக்குத் தெரியும். உன் காலையும் மடியில வச்சுக்கிட்டு என்னால ஆட்டோவுல போக முடியாதும்மா."

அவன் இதுவரைக்கும் அந்த ஆட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பேனாவை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு தடவையாக எடுத்தார்கள். ஊசி போட்டதால் வலி இல்லை. பிடுங்குகிற சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது. தட்டில் பல் விழுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடந்தேன். ஒவ்வொன்றின் வேரிலும் என்னமோ ஒட்டியிருந்தது. அத்தனை வருஷம் அதை வைத்துக்கொண்டுதான், "பிடிச்சு இழுத்துப் பார்" என்று சொன்னேன்.

அடுத்த நாள் ஜெயந்தி ஒரு டப்பாவோடு வந்தாள். நர்ஸ் மேரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வழியை மறித்தாள்.

"என்னம்மா இது? மறுபடியுமா?"

"தின்னக் குடுக்க இல்ல சிஸ்டர். கேக்கக் குடுக்க."

என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு முறுக்கைக் கடித்தாள். "சொல்லுங்க அத்தை. வெந்துச்சா?"

வாயில் பஞ்சு இருந்ததால் கையை ஆட்டிக் காட்டினேன். வேகவில்லை.

"நேத்து ஈடு. இப்ப இதக் கேளுங்க." இன்னொன்றைக் கடித்தாள்.

தலையாட்டினேன். எதிர்க் கட்டில்காரம்மா, "அம்மாடி, அந்த வேகாதத இப்படிக் குடு, எனக்குப் பல்லு இருக்கு" என்றாள். வார்டே சிரித்தது. எனக்குச் சிரிக்க வாய் வரவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்கெல்லாம் ஜெயந்தியின் தலைமுடியில் எண்ணெய் வாடை அடித்தது. விடிவதற்கு முன்னால் எழுந்து தனியாக அடுப்பில் நின்றுவிட்டு வந்திருக்கிறாள் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆபரேஷன் டாக்டர் தவணை கொடுத்த நாளில் வந்தார். சீட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். "இன்னொரு நாள் பாப்போம்" என்றார். மறுநாள் சர்க்கரை இருநூற்றுச் சொச்சம். அதற்கு மறுநாள் அதற்கும் கீழே. காய்ச்சல் நின்றது. ஒரு வாரத்தில் புண்ணின் ஓரம் சிவப்புக் கொய்யாப் பழத்தின் உள்பக்கம்போல் சிவந்தது. சிவந்தால் நல்லது என்றார்கள். கறுத்த இரண்டு விரலை மட்டும் எடுத்தார்கள். பாதம் தப்பிவிட்டது.

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அந்தக் காலைப் பார்க்கப் பயமாக இருந்தது. கட்டுப் போட்டு மேலே தூக்கி வைத்த பாதத்தைப் பார்க்கப் பார்க்க, இது இருக்கிறதே, அது ஏன் போயிற்று என்ற கேள்விதான் வந்தது. வாடை நின்றுவிட்டது. போர்வையை இழுத்து மூடினாலும் சோப்பு வாசம் மட்டும்தான். ஆனால் இப்போது கண்ணைத் திறந்திருக்கும்போதே, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் சர்க்கரை டாக்டர் வந்தார். செல்வம் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். ஜெயந்தி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நான் கேட்டேன்.

"என் வீட்டுக்காரர் வாயை அன்னைக்கு யாராவது பாத்திருந்தா, அவர் கால் இருந்திருக்குமா?"

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அப்படிச் சொல்ல முடியாதும்மா. அவருக்கு ரத்த ஓட்டம் எப்படி இருந்துச்சோ, எவ்வளவு லேட்டா வந்தாங்களோ. இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். யாரும் பாக்கலையேன்னு இப்ப நினைச்சு..."

"கேட்டாங்க," என்றேன்.

செல்வம் நிமிர்ந்தான்.

"அவரைச் சேத்த அன்னைக்கு ஒரு நர்ஸ் வரிசையாக் கேட்டு எழுதுச்சு. பீடி உண்டா, குடி உண்டா, பல்லு ஈறுல தொந்தரவு உண்டான்னு. அவர் என்னைப் பாத்தாரு. பக்கத்துக் கட்டில்ல நம்ம தெருக்காரங்க படுத்திருந்தாங்க, நம்மகிட்ட முறுக்கு வாங்குறவங்க. முறுக்கு வீட்ல வாய் நாறுதுன்னு தெரிஞ்சா என்னாவறதுன்னு, அவருக்கு முந்தி நானே சொல்லிட்டேன், அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுன்னு. அவரும் தலையாட்டிட்டாரு."

இதை ஆறு வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

டாக்டர் என் கையைத் தொட்டுவிட்டு வெளியே போனார். செல்வம் பையின் ஜிப்பை இழுத்தான், பாதியில் விட்டான். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் ஜிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்கும் தெரியும்மா, அப்பா வாய். சாப்பிடுறப்ப நான் தட்டை எடுத்துக்கிட்டுத் தெருவாசலுக்குப் போயிடுவேன். ஒரு நாள், ஏண்டா வெளிய உக்காந்து திங்கிறேன்னு கேட்டாரு. காத்து வருதுப்பான்னு சொன்னேன்."

இனிமேல் நான் போட வேண்டிய மெத்தென்ற செருப்பை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். அவன் கீழே உட்கார்ந்து, விரல் இல்லாத இடத்தில் பஞ்சை வைத்து, என் வலது காலில் அதை மாட்டினான். வாரை எடுத்து ஒட்டினான். பிறகு தோளைக் கொடுத்தான்.

நான் எழுந்து நின்றேன். கால் தாங்கியது.